ஆடம்ஸ் குடும்பத்துக்குப் புதுத் திரை

அந்த பேஸ்மென்ட்டில் இறங்கியதிலிருந்தே ஒரு ரீங்காரம் காதில் விழுந்துகொண்டிருந்தது. எங்கேயோ டியூப்லைட் சோக் கெட்டிருக்கிறது என்று நினைத்தேன். மெக்கானிக் குனிந்து இயந்திரத்தின் அடிப்பக்கம் கையை விட்டு சுவிட்சை அணைத்தார். ரீங்காரமும் சேர்ந்து நின்றது.

"கேட்டீர்களா? திரைதான் அப்படி முனகுகிறது. முனக ஆரம்பித்துவிட்டால் அதிக நாள் தாங்காது" என்றார்.

இடம் சிகாகோவின் புறநகர். மெக்கானிக் பல ஆண்டுகள் மதுக்கூடங்களிலும் பௌலிங் கூடங்களிலும் காசு போட்டு ஆடும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். இப்போது ஓய்வு என்று சொல்லிக்கொள்கிறார். பேஸ்மென்ட்டில் சுவரோரமாகக் கால் கழற்றிய இயந்திரங்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வீட்டில் பின்பால் வாங்கி வைத்திருப்பவர்கள் அவரை விடுவதாக இல்லை. அன்று மேஜைக்கு வந்திருந்தது 'தி ஆடம்ஸ் ஃபேமிலி'. பல் மருத்துவர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தது.

பின்பாலைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கும் விண்டோஸ் எக்ஸ்பியோடு கூட வந்த 'ஸ்பேஸ் கேடட்' விளையாட்டு ஞாபகமிருக்கும். அதற்கும் முந்தைய தலைமுறைக்கு பாகடெல் பலகை தெரியும். ஆணிகளை வளைவாக அடித்து, ஓரத்தில் ஸ்பிரிங் வைத்து, சின்ன இரும்புக் குண்டுகளைச் சுண்டிவிடுவோமே, அதுதான். பின்பாலுக்கு அது தாத்தா முறை. அந்தப் பலகைக்குக் கால் வந்தது, கண்ணாடி மூடி வந்தது, காசுத் துளை வந்தது. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில், விழும் குண்டைத் திருப்பி அடிக்கும் ஃபிளிப்பர்கள் வந்தன. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் எல்லாமே சிகாகோ கம்பெனிகள். இதில் ஒரு வேடிக்கை: உலகத்துக்கே பின்பால் செய்து அனுப்பிய இந்த நகரம், சூதாட்டம் என்று சொல்லி அதைத் தன் எல்லைக்குள் பல ஆண்டுகள் தடை செய்து வைத்திருந்தது.

'ஆடம்ஸ் ஃபேமிலி' 1992-இல் வந்தது. பேட் லாலரும் லாரி டிமாரும் வடிவமைத்தார்கள். முகப்பில் பாலி என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பாலியின் பின்பால் தொழிலை 1988-லேயே வில்லியம்ஸ் வாங்கிவிட்டது, ஆகவே உள்ளே இருப்பது முழுக்க வில்லியம்ஸ் சரக்கு. 20,270 இயந்திரங்கள் விற்றன. எலெக்ட்ரானிக் காலத்துப் பின்பாலில் அதற்கு மேல் விற்றது வேறில்லை. அத்தனை விற்றதால்தான் இன்றும் மாதம் தவறாமல் ஒன்றாவது தன் வாசலுக்கு வந்துவிடுகிறது என்று மெக்கானிக் சிரித்தார்.

திரும்ப சுவிட்சைப் போட்டு, கெட்டுப்போன திரையை எனக்குக் காட்டினார். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், ஒரு முழ நீளத்துக்கு ஒரு செவ்வகம். அதில் ஆரஞ்சு நிறத்தில் மாளிகை ஒன்று தெரிய வேண்டும். மாளிகை தெரிந்தது, ஆனால் இடது ஓரத்தில் மங்கிக் கரைந்து போயிருந்தது. நடுவில் இரண்டு வரிசை சுத்தமாக இல்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஈரத்தாளில் மை ஊறியதுபோல் இருந்தன. ஸ்கோரில் 8 எது, 0 எது என்று சொல்ல முடியவில்லை.

1990 வரை இந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் மட்டும் காட்டும் கட்டங்கள்தான் இருந்தன. 1991-இல் டேட்டா ஈஸ்ட் நிறுவனம் 'செக்பாயின்ட்' இயந்திரத்தில் புள்ளித் திரையைக் கொண்டுவந்தது, 128-க்கு 16 புள்ளி. அதே ஆண்டு வில்லியம்ஸ் உயரத்தை இரட்டிப்பாக்கி 128-க்கு 32 என்று வைத்தது. மொத்தம் 4,096 புள்ளிகள். ஒரு படத்துக்கு 512 பைட் போதும். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கூட அதைப்போலப் பல மடங்கு இடம் எடுக்கும். அந்தச் சின்ன இடத்துக்குள் சிகாகோ ஓவியர்கள் புள்ளி புள்ளியாக வைத்துக் கதை சொன்னார்கள். அதை நேரில் பார்க்கும்போது மரியாதை வராமல் இருக்காது.

அணைத்தார். இந்த முறை மின்கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கினார். பிடுங்கிவிட்டு உடனே கை வைக்கவில்லை. காபியை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

"அவசரமில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு நாம் பிளக்கைப் பிடுங்கியது தெரியாது. அவை இறங்கட்டும்."

இயந்திரத்தின் தலைப் பெட்டியைத் திறப்பது எளிது. மேலே ஒரு பூட்டு. சாவியைத் திருப்பிப் படம் போட்ட கண்ணாடியைச் சற்றுத் தூக்கி முன்பக்கம் சாய்த்தால் கையோடு வந்துவிடுகிறது. அதற்குக் கீழேதான் ஸ்பீக்கர் பலகை. அதைத் தூக்கி முன்னால் படுக்க வைப்பதற்கு முன், ஆட்டக்களத்தின் கண்ணாடி மேல் பழைய கம்பளி ஒன்றை விரித்தார். கம்பளி இல்லாமல் அவசரப்பட்டவர்கள் கண்ணாடிக்குத் தனியாகப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

பலகையின் பின்புறம் திரை தெரிந்தது. பச்சை போர்டு, அதன்மேல் வரிசையாகச் சில்லுகள், மறுபக்கம் கண்ணாடி. போர்டுக்கு வருவது இரண்டே இணைப்பு. ஒன்று 14 பின் உள்ள தட்டையான ரிப்பன் கேபிள். மற்றது 8 பின் உள்ள மின் கனெக்டர். இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"இவ்வளவுதான். ஒன்று சொல்லுகிறது, மற்றது சோறு போடுகிறது. தகராறு எல்லாம் சோறு போடுகிற பக்கம்தான்."

ரிப்பனில் வருவது ஆறே ஆறு சமிக்ஞை, மீதி எல்லாம் கிரவுண்ட். ஒரு வரிசைக்கான 128 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக வரிசையில் தள்ளிவிடும் தரவுக்கம்பி, அதற்குத் தாளம் போடும் கடிகாரத் துடிப்பு, 128-ம் வந்து சேர்ந்ததும் 'இப்போது பிடித்துக்கொள்' என்று சொல்லும் துடிப்பு, அடுத்த வரிசைக்கு நகரச் சொல்லும் இரண்டு கம்பி, எரி அல்லது அணை என்று சொல்லும் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிசைதான் எரிகிறது. மேலிருந்து கீழாக 32 வரிசையையும் இப்படி ஓட்டி முடிப்பது வினாடிக்கு 122 முறை. நம் கண் அதை ஒரே படம் என்று நம்பிவிடுகிறது. மங்கல், நடுத்தரம், பிரகாசம் என்று நிழல் வேறுபாடு காட்டுவதும் இதே தந்திரம்தான். அடுத்தடுத்த சுற்றுகளில் சில சுற்றில் மட்டும் எரிந்த புள்ளி மங்கலாகத் தெரியும், எல்லாச் சுற்றிலும் எரிந்தது பளிச்சென்று தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆறு கம்பியும், மறுமுனையில் எரிவது எது என்று கேட்பதே இல்லை. வாயுவாக இருந்தாலும் எல்இடியாக இருந்தாலும் எல்சிடியாக இருந்தாலும் தகவல் ஒன்றுதான். முப்பது ஆண்டு கழித்து வேறு ஆட்கள் வேறு பொருளில் செய்த திரையை இயந்திரம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மின் கனெக்டர் வாயுத் திரைக்கென்றே செய்தது. எட்டுப் பின்னில் மூன்றாவது வெறுமை. தப்பாகத் திருப்பிச் செருகாமல் இருக்க அந்தத் துளையை அடைத்து வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டில் மைனஸ் 125 வோல்ட், மைனஸ் 113 வோல்ட். நான்கும் ஐந்தும் கிரவுண்ட். ஆறில் 5 வோல்ட், ஏழில் 12. எட்டாவதில் பிளஸ் 62. மைனஸ் 125-க்கும் பிளஸ் 62-க்கும் நடுவில் கையை வைத்தால் 187 வோல்ட். வாயுவை எரிய வைக்க அவ்வளவு வேண்டியிருக்கிறது.

இரண்டு கண்ணாடித் தகடுகளை ஓரம் ஒட்டி நடுவில் நியான் கலந்த வாயுவை அடைத்திருக்கிறார்கள். ஒரு தகட்டில் படுக்கைவாட்டில் 32 மின்வாய்கள், மறு தகட்டில் நெடுக்குவாட்டில் 128. எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் அந்த வேறுபாடு விழுகிறதோ, அங்கே வாயு ஆரஞ்சாக ஒளிரும். வயதாக ஆக மின்வாய்கள் தேய்கின்றன. உள்ளே இருக்கும் பொருள்களிலிருந்து கசியும் வாயுக்கள் நியானோடு கலந்து அதன் தூய்மையைக் கெடுக்கின்றன. பிறகு அதே வெளிச்சத்துக்கு வாயு கூடுதல் மின்சாரம் கேட்கும். கேட்பதைக் கொடுக்க வேண்டியது பின்னால் இருக்கும் திரைக் கட்டுப்பாட்டு போர்டு.

மெக்கானிக் டார்ச்சை அந்த போர்டின் பக்கம் திருப்பினார். பெரிய ரெசிஸ்டர்களைச் சுற்றி போர்டு பழுப்பேறி, ஓரிடத்தில் கருகலாகவே இருந்தது. "திரை கெட்டதால் இது கருகியது. இது கருகியதால் வோல்ட் ஏறி இறங்கித் திரை இன்னும் கெட்டது. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று இப்போது கேட்டுப் பயனில்லை."

பழைய திரையின் மின் கனெக்டரை உருவிவிட்டு, திரையில்லாமல் இயந்திரத்தை ஓட விட்டு அளக்கப் போவதாகச் சொன்னார். இதுதான் முறை. திரையை மாற்றுவதற்கு முன் கெட்டது திரையா, போர்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். போர்டிலிருந்து வோல்ட் வரவில்லையென்றால் நல்ல திரையும் இருட்டாகத்தான் இருக்கும். மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்ட் பட்டையில் கிளிப் போட்டு மாட்டினார். இடது கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வலது கையில் சிவப்பு முனை. இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கை பையில் இருந்தால் அந்தப் பாதை இல்லை. வயதானவர்கள் பலர் இப்படித்தான் வேலை செய்து நான் பார்த்திருக்கிறேன். இளைஞர்கள் செய்வதில்லை.

மீட்டரில் மைனஸ் 127 வந்தது. அடுத்தது மைனஸ் 115. பிளஸ் பக்கம் 66. பாரம் இல்லாதபோது கொஞ்சம் ஏறித்தான் காட்டும் என்றார். ஐந்து வோல்ட் ஐந்தாகவே இருந்தது, பன்னிரண்டும் சரி. அதாவது போர்டு கருகியிருந்தாலும் உயிரோடு இருக்கிறது. கெட்டது கண்ணாடிதான்.

இந்த இடத்தில் உரிமையாளருக்கு முன் இரண்டு வழி. கருகிய ரெசிஸ்டர்களையும், அந்தப் பகுதியின் டிரான்சிஸ்டர்களையும் ஜீனர் டையோடுகளையும் புதிதாகப் போட்டு, எங்காவது மிச்சமிருக்கும் வாயுத் திரை ஒன்றைத் தேடி வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் எல்இடி பேனலுக்கு மாறிவிடலாம். பல் மருத்துவர் எல்இடி என்று சொல்லிவிட்டார். வாயுத் திரை செய்த கம்பெனிகள் அதை விட்டு விலகிவிட்டன. கிடைப்பதில் பாதி அலமாரியில் கிடந்தே வயதானவை. நானாக இருந்தாலும் எல்இடிதான் சொல்லியிருப்பேன், மனமில்லாமல்.

இயந்திரத்தை மறுபடி அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு புது பேனல் அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. ஒரே அளவு, ஒரே திருகுத் துளைகள், அதே 14 பின், அதே 8 பின். பழையதைக் கழற்ற நான்கு நட்டு, புதியதை மாட்ட அதே நான்கு நட்டு. நட்டை இறுக்கும்போது ஸ்பேனரை விட்டுவிட்டு விரலாலேயே முடித்தார். போர்டு வளைந்தால் எல்இடிகளின் சால்டர் விரிசல் விடும் என்றார். மாட்டுவதில் சொல்ல வேண்டியது அவ்வளவுதான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் செருகவில்லை. கையேட்டுத் தாளை விளக்கடியில் பிடித்துப் படித்தார்.

"இது ஐந்து வோல்ட்டில் ஓடுகிறதா, பன்னிரண்டிலா? இதைப் பார்க்காமல் செருகுகிறவர்கள்தான் அடுத்த வாரம் எனக்கு போன் செய்வார்கள், 'ஆட்டம் நடுவில் தானாக நின்று ஆரம்பத்துக்குப் போகிறது' என்று."

அதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்து வில்லியம்ஸ் இயந்திரங்களில் ஐந்து வோல்ட்டுக்கு ஒரே ஊற்றுக்கண், எல்எம்323கே என்ற ரெகுலேட்டர். மூன்று ஆம்பியர் தாங்கும். மூளையாக இருக்கும் 6809 பிராசஸர், ஒலி போர்டு, திரைக் கட்டுப்பாட்டு போர்டு எல்லாம் அதை நம்பித்தான். அதற்கு முன்னால் பிஆர்2 என்ற பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், சி5 என்ற 15,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் உண்டு. கெப்பாசிட்டர் வறண்டு போயிருக்கும், பிரிட்ஜின் சால்டர் விரிந்திருக்கும், கனெக்டர் கருத்திருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வோல்ட் தொலையும். சிபியு போர்டில் ஒரு காவல் சில்லு இருக்கிறது. ஐந்து வோல்ட் ஏறக்குறைய 4.6-க்குக் கீழே போனால் அது பிராசஸரைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கும். இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அழுத்தினால் 50 வோல்ட் காயில்கள் ஒரே நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரை இழுக்கும். ஐந்து வோல்ட் ஒரு கணம் சரியும். ஆட்டத்தின் உச்சத்தில், குண்டு ஃபிளிப்பர் நுனியில் இருக்கும்போது, இயந்திரம் செத்துப் பிழைக்கும்.

வாயுத் திரை ஐந்து வோல்ட்டை வெறும் சில்லுகளுக்காக மட்டும் கொஞ்சம் எடுத்தது, ஒளிக்கு வேறு வழி இருந்தது. எல்இடி பேனல் ஒளியையும் ஐந்திலிருந்தே எடுத்தால், ஏற்கெனவே மூச்சுத்திணறும் அந்த ஊற்றின் மேல் இன்னொரு பாரம். திரை முழுக்க எரிந்து பளிச்சிடும் காட்சிகளில் பாரம் உச்சத்துக்குப் போகும். அந்தக் காட்சிகள் வருவது வீரர் நன்றாக ஆடும்போதுதான், ஃபிளிப்பர்கள் வெறியோடு வேலை செய்யும் அதே நேரத்தில்.

"இது பன்னிரண்டு" என்றார், தாளை மடித்தபடி. பேனலிலேயே சின்ன கன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. ஏழாவது பின்னின் பன்னிரண்டை வாங்கித் தனக்கு வேண்டியபடி இறக்கிக்கொள்கிறது. எட்டுப் பின்னில் அது தொடுவது கிரவுண்டையும் பன்னிரண்டையும்தான். உயர் வோல்ட் வரும் மூன்று பின்களும் பேனலின் பக்கம் எங்கேயும் இணையவில்லை. சும்மா துளைக்குள் நிற்கின்றன.

அப்படியானால் செருகிவிடலாமே என்றேன்.

"செருகலாம். வேலை செய்யும். ஆனால் யாருக்காக அந்த 125 வோல்ட்?"

கட்டுப்பாட்டு போர்டில் எஃப்601, எஃப்602 என்று இரண்டு ஃபியூஸ். ஆம்பியரில் எட்டில் மூன்று பங்கு, மெதுவாக உருகும் வகை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உயர் வோல்ட்டுக்கென்று வரும் மின்சாரம் இந்த இரண்டின் வழியாகத்தான் போர்டுக்குள் நுழைகிறது. இரண்டையும் ஃபியூஸ் இடுக்கியால் உருவினார். அவ்வளவுதான், கருகிய அந்தப் பகுதி முழுவதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. ரெசிஸ்டர் இனிச் சுடாது. யாராவது கையை உள்ளே விட்டால் எட்டிப் பிடிக்க 187 வோல்ட் இருக்காது. தகவல் அனுப்பும் பகுதிக்கு ஐந்து வோல்ட் தனி வழியில் வருவதால் அது வழக்கம்போல ஓடும்.

திரை மாற்றுவதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த ஒரு செயல்தான். பழையதைக் கழற்றினோம், புதியது எரிகிறது என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். உள்ளே யாருக்கும் வேண்டாத ஒரு சமையல் நாள் முழுக்க வெந்துகொண்டிருக்கும். இன்னும் சில ஆண்டுகளில் அந்தக் கருகல் பக்கத்துச் சில்லுகளுக்குப் பரவும், அப்போது கெடுவது தகவல் பகுதி. அதற்கு எல்இடி பேனலால் ஒன்றும் செய்ய முடியாது. புதியதற்குச் சோறு போடத் தெரிந்தால் போதாது, பழையதன் அடுப்பை அணைக்கவும் தெரிய வேண்டும்.

உருவிய ஃபியூஸ்களைக் குப்பையில் போடவில்லை. சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைப் பெட்டியின் உள்சுவரில் ஒட்டினார். பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, எல்இடி திரை போட்டிருக்கிறது, உயர் வோல்ட் நிறுத்தப்பட்டுள்ளது, தேதி இது என்று மார்க்கரால் எழுதினார். முப்பது வருடம் கழித்துத் திறக்கப்போகிறவருக்காகவா என்று கேட்டேன். "இல்லை, மூன்று வருடம் கழித்துத் திறக்கப்போகிற எனக்காக. எனக்கு ஞாபகம் இருக்காது."

ரிப்பனைச் செருகும்போது சிவப்புக் கோடு போட்ட ஓரம் முதல் பின்னின் பக்கம் இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் விரலால் தடவிப் பார்த்தார். இந்த ரிப்பன் கனெக்டருக்கு ஒரு கெட்ட குணம்: ஒரு பின் தள்ளிச் செருகினாலும் உட்கார்ந்துகொள்ளும், எதிர்ப்பே காட்டாது. டார்ச் அடித்து ஓரத்தில் எந்தப் பின்னும் வெளியே துருத்தவில்லை என்று பார்த்த பிறகே விட்டார். மின் கனெக்டரும் உட்கார்ந்தது. பிளக்கைச் சுவரில் மாட்டினார்.

சுவிட்ச் போட்டதும் இயந்திரத்தின் பெயரும், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் செய்தியும் வந்தன. அந்த எழுத்துகளின் கூர்மையைப் பார்த்து நான் ஒரு எட்டு பின்வாங்கினேன் என்றால் மிகையில்லை. ரீங்காரம் இல்லை. சுவரோரத்து மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்காத அமைதி. காசுக்கதவைத் திறந்து உள்ளே இருக்கும் நான்கு பொத்தான்களால் பட்டியலில் போய்த் திரைச் சோதனையை ஓடவிட்டார். ஒரு கோடு இடமிருந்து வலமாக நடந்தது, பிறகு மேலிருந்து கீழாக. எங்கேயும் தடுக்கவில்லை. எரியாத புள்ளி ஒன்றும் இல்லை, அணைய மறுக்கும் புள்ளியும் இல்லை.

தலைப் பெட்டி திறந்து கிடக்கும்போதே இன்னொரு வேலையும் செய்தார். சிபியு போர்டில் மூன்று பென்டார்ச் பேட்டரிகள் இருக்கின்றன, மின்சாரம் இல்லாதபோது நினைவகத்தைக் காப்பாற்ற. இவை ஒழுகினால் அமிலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையில் அது காரம். எதுவாக இருந்தாலும் போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். திரை கெட்டு வந்த இயந்திரங்களைவிட பேட்டரி ஒழுகி வந்தவைதான் அதிகம் என்றார். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மாற்றினார். அணைத்துவிட்டு மாற்றினால் அமைப்புகளும் உச்ச ஸ்கோர் பட்டியலும் அழிந்துவிடும். பட்டியலின் முதலிடத்தில் மூன்று எழுத்துப் பெயர் ஒன்று இருந்தது. பல் மருத்துவரின் மகளாம், அதை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் தன் பல்லுக்கு உத்தரவாதமில்லை என்றார். உயர் வோல்ட் ஃபியூஸ்கள் பையில் இருந்ததால்தான் மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் இவ்வளவு தைரியமாகக் கைவைக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

கடைசியாக உண்மையான பரீட்சை. மீட்டரின் சிவப்பு முனையை ஐந்து வோல்ட்டில் கொக்கி போட்டு மாட்டிவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லி என்னை முன்னால் நிறுத்தினார். ஃபிளிப்பர் பொத்தான்களை மாறி மாறியும் சேர்த்தும் அடிக்கச் சொன்னார். நான் குண்டைப் பார்க்காமல் அடித்தேன், அவர் திரையைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்தார். எண் 4.9-க்கும் ஐந்துக்கும் நடுவில் ஆடியது, கீழே போகவில்லை. பிறகு பன்னிரண்டுக்கு முனையை மாற்றினார். திரை முழுக்க வெளிச்சமாகும் காட்சியில் அது சற்றே தாழ்ந்து மறுபடி ஏறியது. "போதும்" என்றார்.

ஆட்டத்தை நான் விடவில்லை. மாளிகையின் அறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் திறந்தன. இந்த இயந்திரத்துக்கு அடிப்படையான திரைப்படத்தில் குடும்பத் தலைவர் கோமஸாக நடித்த ராவுல் ஜூலியாவே இயந்திரத்துக்கென்று தனியாகப் பேசிக் கொடுத்த குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. குரலுக்கு ஏற்றாற்போல் புள்ளிகள் ஓடின. எல்லாம் துல்லியம். அந்தத் துல்லியம்தான் எனக்கு இடறியது. வாயுத் திரையில் ஒரு புள்ளியின் ஒளி ஓரங்களில் மெல்லக் கசியும். பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்து ஒரு கோடாகும். ஓவியர்கள் அந்தக் கசிவையும் கணக்கில் வைத்தே வரைந்தார்கள் என்று தோன்றுகிறது, கன்னத்தின் வளைவு அங்கே வளைவாக இருந்தது. எல்இடியில் அதே கன்னம் படிக்கட்டாகத் தெரிகிறது. மெக்கானிக் மறுக்கவில்லை. பேனலின் பின்னால் இருந்த பொத்தானால் வெளிச்சத்தைப் பாதிக்குமேல் குறைத்தார், புகைநிற பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டித் திரைக்கு முன்னால் வைத்தார். படிக்கட்டு கொஞ்சம் மழுங்கியது. இப்போது முழு வண்ணத் திரைகளும் வந்துவிட்டன. வரும் படத்தைச் சேமித்து வைத்த சட்டங்களோடு ஒப்பிட்டு அந்தந்த இடத்துக்குச் சாயம் பூசிக் காட்டுபவை. அடுத்த அறையில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கோமஸின் முகம் சதை நிறத்தில் இருந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. ஆரஞ்சு நிறத்துக்கென்று பிறந்தவன் அவன்.

ஸ்பீக்கர் பலகையைத் தூக்கி நிறுத்திக் கண்ணாடியை மாட்டும்போது, பழைய திரையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கண்ணாடி கெட்டிருந்தாலும் பின்னால் இருக்கும் வரிசைச் சில்லுகளுக்கும் பத்திச் சில்லுகளுக்கும் ஆள் இருக்கிறது என்றார். சில்லு செத்து கண்ணாடி நன்றாக இருக்கும் திரை வேறொரு வீட்டில் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கப் பொறுமை உள்ளவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அதற்குள் அவர் அடுத்த இயந்திரத்தின் போர்வையை விலக்கிவிட்டார். 1977-ஆம் ஆண்டு பாலியின் 'எய்ட் பால்'. 'ஆடம்ஸ் ஃபேமிலி' வரும்வரை எலெக்ட்ரானிக் பின்பால் விற்பனையில் முதலிடம் இதற்குத்தான், 20,230 இயந்திரங்கள். நாற்பதில் தோற்றது. இதில் படம் காட்டும் திரை கிடையாது. ஆட்டக்காரர்கள் நான்கு பேருக்கு நான்கு எண் கட்டங்கள், மிச்சக் குண்டும் காசும் காட்ட ஐந்தாவது ஒன்று. இவையும் வாயுதான், 190 வோல்ட் வரை கேட்பவை. உரிமையாளர் ஐந்தையும் எல்இடியாக மாற்றச் சொல்லியிருக்கிறார்.

"மாற்றப் போகிறீர்களா?"

மீட்டரை மறுபடி கையில் எடுத்தார். இந்த போர்டில் உயர் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கிறது என்றார். 190-லிருந்து 170-க்கு இறக்கினால் வெளிச்சத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியாது, கண்ணாடி இன்னும் பல வருஷம் உழைக்கும். எண்கள் ஐந்தும் சுத்தமாக எரிகின்றன, முனகலும் இல்லை. உரிமையாளருக்கு முதலில் போன் செய்து அதைச் சொல்லிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு திருகைத் தேடக் குனிந்தார்.